சுடாத படியில் நடந்த அக்கா

அக்கா தைத்த ஜாக்கெட்டை இன்னும் பீரோவில் வைத்திருக்கும் தோழியருக்கும், அவர் கையால் சாப்பிட்ட உறவினர்களுக்கும், இந்த முதலாண்டு நினைவு நாளுக்கு வந்திருக்கும் எல்லோருக்கும் அவருடைய ஒரே தங்கையின் வணக்கம். "வந்தார், போனார்" என்று நான் எழுதுவதைப் பார்த்தால் அக்கா விழுந்து விழுந்து சிரித்திருப்பார். நேரில் எங்களுக்குள் "வாடி", "போக்கா" தான். நினைவு மலரில் அச்சேறுவதால் இந்த மரியாதை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா பிறந்தது பள்ளிப்பட்டில். எங்கள் நைனா நெல் மண்டியில் மூட்டை தூக்கியவர். வீட்டில் பாதி தெலுங்கு, பாதி தமிழ், சண்டை மட்டும் இரண்டிலும் நடக்கும். பள்ளிப் படிப்பு முடிந்ததும் அக்கா தையல் கற்றுக்கொண்டார். அந்தச் சம்பாத்தியத்தில்தான் நான் கல்லூரிக்குப் போனேன். அக்காவின் கணவரை நான் பாவா என்றுதான் கூப்பிடுவேன்; திருத்தணியில் ஷேர் ஆட்டோ ஓட்டுபவர். அவரைக் கட்டிக்கொண்டு வந்த பிறகு, மலையடிவாரத்தில் வீட்டின் முன்னறையையே கடையாக்கிக்கொண்டார்.

கைராசி உண்டு, வாயும் உண்டு. அளவு எடுக்கும்போது மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு நிற்கும் பெண்களைக் கண்டால் அவருக்குப் பொறுக்காது. "இன்னாம்மா, என்கிட்ட ஒல்லியா காட்டி இன்னா ஆவப்போவுது? மூச்ச வுடு. அளவுல பொய் சொன்னா நாளைக்கு ஊக்கு தெறிச்சிடும்" என்று கடை அதிர ஒரு அதட்டல் போடுவார். திட்டு வாங்கியவர்களே அடுத்த தீபாவளிக்கும் அவரிடம்தான் வருவார்கள்.

முதுகு வலி வந்தபோது மிஷின் மிதித்த வலி என்றுதான் எல்லோரும் நினைத்தோம். தைலம் தேய்த்தோம், பெல்ட் வாங்கிப் போட்டோம். ஒரு நாள் தண்ணீர்க் குடத்தைத் தூக்கும்போது முதுகெலும்பில் விரிசல் விட்டது. சென்னையில் பெரிய மருத்துவமனையில் பரிசோதித்து, எலும்பு மஜ்ஜையில் வரும் இரத்தப் புற்றுநோய் என்றார்கள். பாவா அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். மகள் அப்போது பன்னிரண்டாம் வகுப்பு. அக்கா மருத்துவரிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "எம்பொண்ணு ஒரு வேலைல உக்கார்ற வரைக்கும் நான் இருப்பனா சார்?"

வாரம் ஒரு ஊசி ஆரம்பித்தார்கள். வயிற்றில், தோலுக்கு அடியில் போடுவது. போன வாரம் வலப்பக்கம் என்றால் இந்த வாரம் இடப்பக்கம். போடும் முன் இரண்டு சிஸ்டர்கள் அக்காவின் பெயரையும் மருந்தின் பெயரையும் வாய்விட்டுப் படித்துச் சரிபார்ப்பார்கள். அக்கி வராமல் இருக்கத் தனியாக ஒரு மாத்திரை. காலை ரயிலில் போய் மாலை ரயிலில் திரும்புவோம். சில மாதங்களிலேயே முதுகு நிமிர்ந்தது, முகத்தில் களை வந்தது. எனக்கு உயிர் வந்தது.

ஒவ்வொரு முறையும் ஊசிக்கு முன் சிஸ்டர் கேட்பார்: "காய்ச்சல் இருந்துச்சாம்மா? கை கால் மரத்துப் போகுதா? எரிச்சல்?"

"அதெல்லாம் ஒண்ணியும் இல்ல சிஸ்டர். ஜம்முனு கீறேன்" என்பார் அக்கா.

பொய். உள்ளங்கால் எரிந்து எரிந்து, பிறகு மரத்தே போயிருக்கிறது. நடக்கும்போது செருப்பு கழன்று விழுந்ததுகூடத் தெரியாமல் வீடு வந்து சேர்வார். "வயசாவுதில்ல, மறதி" என்று அவரே சிரிப்பார், நாங்களும் சேர்ந்து சிரித்தோம். மருத்துவமனை பெஞ்சில் யாரோ ஒரு அம்மா, "கால் மரத்துப் போவுதுன்னு சொன்னேன், ஊசியையே நிறுத்திட்டாங்க" என்று சொன்னதைக் கேட்டதிலிருந்து அக்கா வாயைத் திறக்கவில்லை. ஊசி நின்றால் மகளின் கதி என்ன என்ற பயம்தான் காரணம். அது எங்களுக்குப் பிற்பாடுதான் தெரிந்தது.

உடம்பு தேறினால் மலைக்கு வெறுங்காலோடு பால்குடம் எடுப்பதாக அக்கா வேண்டிக்கொண்டிருந்தார். கூட்டத்துக்குள் போனால் தொற்று வரும் என்று மருத்துவர் எச்சரித்திருந்ததால், ஆடிக் கிருத்திகைக் கூட்டம் கலைந்த பிறகு ஒரு நாள் போனோம். விடியற்காலையில் கிளம்ப வேண்டியது, பாவாவின் ஆட்டோ மக்கர் செய்ததில் உச்சி வெயிலாகிவிட்டது. படிக்கல் தோசைக்கல்லாகக் காய்ந்து கிடந்தது. நானும் பாவாவும் "ஆ, ஊ" என்று குதித்துக் குதித்து நிழல் தேடி ஓடினோம். அக்கா மட்டும் பால்குடத்தைத் தலையில் தாங்கி, ஒரு படி தவறாமல், நிதானமாக ஏறி வந்தார்.

"சுடலியாக்கா?"

"இன்னாடி சூடு? பூ மேல நடக்கற மாதிரி கீது. எல்லாம் என் அப்பன் முருகன் கருணை."

பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெண்மணி "அரோகரா!" என்று சொல்லி அக்காவின் காலைத் தொட்டுக் கும்பிட்டார். எனக்கே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இந்தக் குடும்பத்துக்கு ஒரு குறையும் வராது என்று நினைத்துக்கொண்டேன்.

வீடு திரும்பி அக்காவின் காலைக் கழுவ உட்கார்ந்தேன். இரண்டு உள்ளங்காலும் கொப்புளம். ஒன்று உடைந்து, தோல் உரிந்து தொங்கியது. அக்கா குனிந்து, அடுத்தவர் காலைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"இது எப்போ வந்துச்சி?" என்றார்.

பாவா விரலால் மெல்லத் தொட்டு, "இங்க வலிக்குதா?" என்றார்.

"தொடுய்யா, அப்புறம் சொல்றேன்."

"தொட்டுகினுதான் கீறேன்."

பாவா அந்தக் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். பிறகு அக்கா அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னார். பயத்தில் எனக்குக் கோபம்தான் வந்தது. "ஊருக்கெல்லாம் மூச்ச வுடு, மூச்ச வுடுன்னு சொல்லுவியே, நீ மட்டும் அளவு குடுக்கும்போது மூச்ச இழுத்துப் புடிச்சிகினு நின்னியாக்கா?" என்று கத்திவிட்டேன்.

அடுத்த ஊசி நாள்வரை காத்திருக்காமல் மறுநாளே முதல் ரயிலைப் பிடித்தோம். புண் ஆறும்வரை ஊசி வேண்டாம், பிறகு அளவைக் குறைத்து, இடைவெளி விட்டுப் போடலாம் என்றார் மருத்துவர். "நரம்பு மரத்துப் போறது இந்த மருந்துல வரக்கூடியதுதாம்மா. அதனாலதான் வாரா வாரம் கேக்கறோம். முன்னாடியே சொல்லியிருந்தா கால் இவ்வளவு தூரம் போயிருக்காது."

"நிறுத்த மாட்டீங்களே சார்?" என்று அக்கா மூன்றாவது முறையாகக் கேட்டார்.

"உங்க உடம்பு எவ்வளவு தாங்கும்னு நீங்க சொன்னாதானே, அதுக்கு ஏத்த மாதிரி குடுக்க முடியும்? அப்படியும் ஒத்துக்கலன்னா வேற மருந்து இருக்கு."

கட்டுப் போட்ட சிஸ்டரிடம் அக்கா சன்னமாக, "முருகன் கருணைன்னு நெனச்சிட்டேன் சிஸ்டர்" என்றார். அந்தச் சிஸ்டர் கழுத்தில் சிலுவை போட்டிருப்பவர். "கருணைதாம்மா. கொப்புளத்தைக் காட்டிக் குடுத்துட்டாரே" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகவே அவருக்கு என் ஆயுளில் பாதியைக் கொடுக்கலாம்.

அதன் பிறகு அக்கா மருத்துவமனைப் பெஞ்சில் ஒரு வாத்தியாரம்மாவாகவே ஆகிவிட்டார். புதிதாக யார் வந்தாலும், "கால் எரியுதா? மரத்துப் போவுதா? ஆமான்னா ஆமான்னு சொல்லு, மறைக்காதே" என்று மிரட்டுவார். பின்பக்கம் வார் வைத்த செருப்பு வாங்கிக்கொண்டார். தினமும் சாயங்காலம் பாவா செல்போன் வெளிச்சத்தில் அவருடைய உள்ளங்காலைப் பார்ப்பார். "மெட்டி போட்ட அன்னிக்குக் காலப் புடிச்ச மனுசன், இப்ப தெனமும் புடிக்கிறாரு, என் யோகத்தப் பாருடி" என்று அக்கா கிண்டல் செய்வார். பாவா தலையை நிமிர்த்தவே மாட்டார்.

குறைந்த அளவிலும் மருந்து வேலை செய்தது. மகள் பட்டம் வாங்கியதையும், சென்னையில் வேலைக்குச் சேர்ந்ததையும் அக்கா கண்ணாரப் பார்த்தார். முதல் நாள் அவள் போட்டுக்கொண்டு போன சுடிதார் அக்கா தைத்தது. அதன் பிறகு நோய் திரும்பி வந்தது. வேறு மருந்துகளும் கொடுத்துப் பார்த்தார்கள், கேட்கவில்லை. கடைசி நாட்களில் வீட்டிலேயே இருந்தார். வலி தெரியாமல் பார்த்துக்கொண்டார்கள். கால் மட்டும் கடைசிவரை முழு உணர்வுக்கு வரவேயில்லை. ஒரு மத்தியானம் ஜன்னல் வழியாக மலையைப் பார்த்துக்கொண்டே, "ஒரே ஒரு தடவ எனக்கு அந்தப் படி சுடணும்டி" என்றார். நான் வெளியே போய் அழுதுவிட்டு வந்தேன்.

அக்காவைப் பார்த்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் சிஸ்டர்களுக்கும், இரத்தம் கொடுத்த ஆட்டோ ஸ்டாண்டுத் தம்பிகளுக்கும், ரயிலில் முகம் பார்த்தே எழுந்து இடம் கொடுத்தவர்களுக்கும், பாவாவுக்குச் சமைத்து அனுப்பிய எதிர்வீட்டு பாயம்மாவுக்கும் எங்கள் குடும்பம் என்றென்றைக்கும் கடன்பட்டிருக்கிறது. உங்கள் வீட்டில் யாராவது இப்படி ஊசி போட்டுக்கொண்டிருந்தால், இன்றைக்குப் போனதும் அவர் காலைப் பிடித்துப் பாருங்கள். "நல்லாதான் இருக்கேன்" என்றால் நம்பாதீர்கள், இன்னொரு முறை கேளுங்கள். அக்காவுக்கு நீங்கள் செய்யும் மரியாதை அதுதான்.

இந்த மலரை அச்சுக்குக் கொடுக்கும் முன், போன வாரம் நானும் பாவாவும் மலைக்குப் போனோம். வேண்டுமென்றேதான் உச்சி வெயிலில் போனோம். பாவா நிழலுக்கு ஓடவில்லை. நானும் ஓடவில்லை. கீழ்ப்படியிலிருந்து மேலே வரை வெறுங்காலோடு ஏறினோம்.

சுடுதுக்கா. நல்லா சுடுது.