சிஸ்டருக்கு நான் போட்ட சுற்றறிக்கை

அப்பாவின் கட்டிலுக்கு மேலே சுவரில், காயத்துக்கு ஒட்டும் வெள்ளைப் பிளாஸ்திரியால் நான்கு மூலையிலும் ஒட்டப்பட்டிருந்த ஒரு தாளை நினைத்தால் இன்றும் எனக்குக் காது சூடாகிறது. ‘பொருள்: பணி நேரத்தில் கைபேசிப் பயன்பாடு – நெறிமுறைகள் – தொடர்பாக’ என்று அது தொடங்கும். இருபத்தாறு வருடமாகச் செங்கல்பட்டில் ஓர் அலுவலகத்தில் சுற்றறிக்கை எழுதிப் பிழைக்கிறவன் நான். ஒருவரிடம் ஒன்றை நேரில் சொல்ல வேண்டுமென்றால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அதையே எழுத்தில் தெரிவிக்கச் சொன்னால் மூன்று பக்கம் தாராளமாக வரும்.

அந்தத் தாள் யாருக்காக எழுதப்பட்டதோ அவரை நாங்கள் சிஸ்டர் என்று கூப்பிட்டோம். நர்ஸ் படிப்பு படித்தவரல்ல. ஒரு மருத்துவமனையில் பத்து வருடம் நோயாளிகளைப் புரட்டிப் போட்டுத் துடைத்துவிட்ட அனுபவம். பழையசீவரத்திலிருந்து காலை பஸ்ஸில் உத்திரமேரூர் வந்து இறங்குவார். நானும் பள்ளிக்கூட வேலைக்குப் போகும் என் மனைவியும் எட்டு மணிக்குக் கிளம்பிவிட்டால் சாயங்காலம் வரை அப்பா அவர் பொறுப்பு. பக்கவாதம் வந்து அப்பாவுக்கு வலது பக்கமும் பேச்சும் போயிருந்தன. அவர் பேசுவது எனக்குக் கஞ்சி கொதிக்கிற சத்தமாகத்தான் கேட்கும். சிஸ்டருக்கு மட்டும் இரண்டாவது வாரத்திலேயே எல்லாம் புரிந்துவிட்டது. ஐம்பது வருடம் அவருக்கு மகனாக இருந்தவன் நான் என்பதை இங்கே பணிவுடன் குறிப்பிடுகிறேன்.

மானாம்பதியில் இருந்த எங்கள் கழனி என் பெயரில்தான் இருந்தது. அப்பா மருத்துவமனையில் நினைவில்லாமல் கிடந்தபோது அதை விற்றேன். வேறு வழி இருந்ததா என்று யாராவது கேட்டால் இல்லை என்று சொல்லத் தயாராக இருந்தேன், யாரும் கேட்கவில்லை. இப்போது அங்கே கல் நட்டு, கலர் கொடி கட்டி, ஏதோ ஒரு நகர் என்று பெயரும் வைத்துவிட்டார்கள். அப்பா கண் விழித்ததும், அதிர்ச்சி தரும் செய்தி எதையும் சொல்லக் கூடாது என்றார் டாக்டர். அவ்வளவு வசதியான ஆலோசனையை எந்த டாக்டரும் அதற்கு முன் எனக்குத் தந்ததில்லை. சிஸ்டர் வேலைக்கு வந்த முதல் நாளே, அப்பா கழனியைப் பற்றிக் கேட்டால் நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொல்லிவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். அத்தோடு அதை மறந்தும் போனேன். எழுத்தில் இல்லாத உத்தரவு எனக்கு நினைவில் நிற்பதில்லை.

நான்கு மாதம் கழித்துப் பக்கத்து வீட்டு அம்மாள் மதிற்சுவருக்கு மேலே தலையை நீட்டி, உங்க வூட்டு சிஸ்டர் தினமும் பத்து மணிக்கு வீடியோ போட்டுக்கினு யாரோ ஆம்பளையோடு சிரிக்குது, பெரியவரு வாயைப் பொளந்துக்கினு கஞ்சிக்குக் காத்துக் கிடக்கிறாரு என்று தகவல் தந்தார். நேரில் கேட்டிருக்கலாம். நான் அலுவலகத்தில் உட்கார்ந்து தட்டச்சு செய்தேன். பணிக்கு வந்தவுடன் கைபேசியை அமைதி நிலையில் வைத்து, ஃப்ரிட்ஜின் மேலுள்ள பிஸ்கட் டப்பாவுக்குள் போட்டு மூட வேண்டும்; சாயங்காலம் கிளம்பும்போதுதான் எடுக்க வேண்டும்; அவசர நேர்வுகள் நீங்கலாக. அவசர நேர்வு என்றால் என்ன என்பதற்குத் தனியே ஒரு பத்தி. சிஸ்டர் அதை நின்றபடியே கடைசி வரி வரைக்கும் படித்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. “கையெழுத்து போடலியே சார்” என்றார். போட்டுக் கொடுத்தேன். தேதியும் போட்டேன். சுவரில் பிளாஸ்திரி போட்டு ஒட்டியது அவர்தான்.

அது திங்கட்கிழமை. மறுநாள் அப்பா காலைக் கஞ்சியை வேண்டாம் என்று தலையைத் திருப்பிக்கொண்டாராம். புதனன்று சாயங்காலமும் வாயைத் திறக்கவில்லை. டாக்டர் பசி எடுக்க மருந்து எழுதினார். அதையும் துப்பினார். வியாழக்கிழமை பத்து மணிக்கு அலுவலகத்திலிருந்து சிஸ்டரை அழைத்தேன். எடுக்கவில்லை. ஏழு முறை அழைத்தேன். அப்பாவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று அனுமதி எழுதிக் கொடுத்துவிட்டு, பஸ் பிடித்து, வியர்த்து ஒழுகி வீட்டுக்குள் நுழைந்தால், சிஸ்டர் கஞ்சிக் கிண்ணமும் ஸ்பூனுமாகக் கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். கைபேசி டப்பாவுக்குள் என் விதிப்படி அமைதியாக இருந்தது. ஏன் எடுக்கவில்லை என்று கேட்டேன். அவர் சுவரைப் பார்த்தார். நானும் பார்த்தேன். நான் அழைத்தால் எடுக்கலாம் என்று அதில் எங்கேயும் இல்லை.

“கயனி பாக்காம துன்ன மாட்டேன்றாரு சார்” என்றார் பிறகு.

எந்தக் கழனி என்று கேட்டேன். உண்மையாகவே எனக்கு விளங்கவில்லை.

“நீங்கதான சொன்னீங்க, கேட்டா நல்லா கீதுன்னு சொல்லுன்னு. வெறும் வாயால எத்தினி நாளைக்கு சார் சொல்றது?”

டப்பாவைத் திறந்து கைபேசியை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். அவர் வீடியோ போட்டார். திரையில் வந்தது சிஸ்டரின் தம்பி. முழங்கால் அளவு சேற்றில் நின்றுகொண்டு, “இன்னா ஐயா, மூணு நாளா ஆளையே காணோம், கோவமா?” என்று சிரித்தான். அப்பா உடம்பில் வேலை செய்கிற பாதி முழுவதும் அவன் பக்கம் திரும்பியது. நடமாடிய காலத்தில் அப்பா அவனை வரப்புக்கு அந்தப் பக்கம் நிறுத்தித்தான் பேசியிருப்பார். இப்போது அவனைப் பார்க்காமல் ஒரு வாய் இறங்கவில்லை. அவன் கைபேசியைச் சுழற்றிக் காட்டினான். நட்டு ஒரு மாதமான சொர்ணவாரி நெற்பயிர், குழாயிலிருந்து குபுகுபுவென்று தண்ணீர், அதற்குப் பின்னால் மலை, மலைமேல் கோயில்.

மானாம்பதியில் ஏது மலை? அது பழையசீவரத்து மலை. அவன் குத்தகைக்குப் பயிர் வைத்திருக்கும் நிலம். பொங்கல் சமயத்தில் அப்பா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு ஏறிய மலை அது. சின்ன வயதிலிருந்து தன் கழனியின் ஒவ்வொரு வரப்பையும் மிதித்த மனிதருக்கு, அதில் திடீரென்று ஒரு மலை முளைத்தது கண்ணில் படாமலா இருக்கும்?

அப்பா பேசத் தொடங்கினார். நீளமாக, நடுநடுவே மூச்சு வாங்கி, என் சுற்றறிக்கை அளவுக்குப் பேசினார். சிஸ்டர் கவனமாகக் கேட்டுவிட்டு, “களை எடுத்தாச்சான்னு கேக்கறாரு” என்றார். எடுத்தாச்சு ஐயா என்றான் தம்பி. அவ்வளவு நீளப் பேச்சுக்கு இவ்வளவுதானா அர்த்தம் என்று நான் விழித்துக்கொண்டிருக்கும்போதே அப்பா என் பக்கம் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். பிறகு வாயைத் திறந்தார். கிண்ணம் காலியானது.

சுவரிலிருந்த தாளை நானே பிய்த்தேன். சுண்ணாம்பும் சேர்ந்து வந்தது. அதன் பிறகு ஒன்றரை வருடம் காலை பத்து மணிக்குக் கழனி பார்க்கப்பட்டது. அறுவடைக்கு முன் தம்பி முறையாக அப்பாவிடம் உத்தரவு கேட்டான். அப்பா கொடுத்தார். விடுமுறை நாட்களில் நானும் ஓரமாக உட்கார்ந்து, இந்த அறையில் யார் யாரை ஏமாற்றுகிறோம் என்று யோசிப்பேன். அப்பாவை நாங்கள் மூன்று பேரும் ஏமாற்றுவதாகத் தோன்றும். மறுநாளே, அவர்கள் மூன்று பேரும் சேர்ந்து என்னை என்று தோன்றும். அவரிடமே கேட்டுவிடலாம் என்று இரண்டு முறை நாற்காலியை இழுத்துப் போட்டேன். இரண்டு முறையும் தலையணையைச் சரிசெய்துவிட்டு எழுந்தேன்.

அப்பா போன பதினாறாம் நாள் காரியத்துக்கு சிஸ்டர் வந்திருந்தார். ஓரிக்கையில் வேறொரு பெரியவரைப் பார்த்துக்கொள்ளப் போய்விட்டதாகச் சொன்னார். சாப்பிட்டுக் கை கழுவ வந்தவரைக் குழாயடியில் பிடித்துக்கொண்டு, அப்பாவுக்குத் தெரியுமா என்று கேட்டேன்.

“இன்னா தெரியுமா சார்?”

“கழனியை... நான் வித்தது.”

அந்த வார்த்தையை அன்றுதான் முதல் முறை வாய்விட்டுச் சொன்னேன். அவர் ஈரக் கையைப் புடவைத் தலைப்பில் நிதானமாகத் துடைத்தார்.

“உங்களுக்கு எது வேணும் சார்? தெரியும்னு சொல்லட்டா, தெரியாதுன்னு சொல்லட்டா?”

குரலில் கேலி இல்லை. கஞ்சியா இட்லியா என்று அப்பாவைக் கேட்பாரே, அதே குரல். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். சரி சார் என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

மூன்று மாதமாகிறது. அலுவலகத்தில் பத்து மணிக்குக் கைபேசியை எடுத்து அவர் பெயர் வரைக்கும் போகிறேன். எதைக் கேட்டு வாங்கிக்கொள்வது என்று இன்னும் முடிவுக்கு வர முடியவில்லை.