எங்கள் வாத்தியத்தில் பாயாசம்

தேனிப் பக்கம் தேவாரம் என்ற ஊரில் அந்தக் கல்யாண மண்டபத்துக்குள் நான் நுழைந்தபோது மாலை ஐந்தரை இருக்கும். வரவேற்பு மேடையில் மாலையோடு நின்ற மாப்பிள்ளை, போட்டோவுக்குச் சிரித்தபடியே என்னை நோக்கி ஐந்து விரலைக் காட்டினான். எல்லாம் வந்தாச்சா என்று கேட்கிறான். ஆள் ஐந்தும் சரி, வாத்தியம் நாலுதான் இருக்கிறது என்பதை விரலால் எப்படிச் சொல்வது? கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுச் சமையல்கட்டுக்கு ஓடினேன்.

எங்கள் குழுவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் வாசிப்பது புளூகிராஸ், அமெரிக்காவின் மலைப்பக்கத்துச் சனங்கள் வாசிக்கும் பாட்டு. படுவேகமாக ஓடும். கித்தார், வயலின், மாண்டலின், வட்ட முகத்துப் பேஞ்சோ, அடித்தொனிக்கு ஆள் உயரத்தில் ஒரு பேஸ். ஐந்தும் கம்பி வாத்தியம். கரண்டில் ஓடும் வாத்தியம் ஆகாது, டிரம் ஆகாது, ஐந்து பேருக்கும் நடுவில் ஒரே மைக். குமுளியில் ஒரு விடுதியில் நான் வேலை பார்த்தபோது, அங்கே தங்கிய வெள்ளைக்காரர் ஒருவர் ஊருக்குப் போகும்போது தன் பேஞ்சோவை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பாவும் அம்மாவும் வாழைத்தோட்டத்து வேலைக்குப் போகிறவர்கள். எதையும் எழுதியிருக்கிறபடி செய்தால்தான் எனக்கு மனசு அடங்கும். புளூகிராஸின் விதிகளையெல்லாம் தேடிப் படித்து, தமிழில் எழுதி, நகலெடுத்து ஆளுக்கொன்று கொடுத்தேன்.

"தோல் வாத்தியம் கூடாதுன்னு எழுதியிருக்க. உன் பேஞ்சோவுல வட்டமா இழுத்துக் கட்டியிருக்கது என்னப்பா, ஜாக்கெட் துணியா?" என்றார் மாண்டலின் அண்ணன். கம்பத்தில் தையல்கடை வைத்திருக்கிறார். என் தாளில் 'தோல் வாத்தியம்' என்பதை அடித்து 'டிரம்' என்று எழுதினேன். ஆனால் டிரம் இல்லாத குறையைத் தீர்த்தவர் அவர்தான். தாளத்துக்கும் தாளத்துக்கும் நடுவில் மாண்டலின் கம்பிகளை அமுக்கி 'சக்' என்று ஒரு வெட்டு வெட்டுவார். கத்திரி பிடித்துப் பழகிய கை. ஒரு நூல் பிசகாது.

வயலின் வாசிக்கும் அக்கா பெரியகுளத்தில் நர்ஸ். சர்ச்சில் வாசித்துப் பழகியவர். கித்தாரும் பாட்டும் இந்த மாப்பிள்ளை.

பேஸ்தான் கிடைக்கவில்லை. அந்த அமெரிக்க மலைக்காரர்களே வசதியில்லாத காலத்தில் துணி துவைக்கும் தொட்டியைக் கவிழ்த்துப் போட்டு பேஸ் ஆக்கினார்கள் என்று படித்தேன். பழனிசெட்டிபட்டியில் வாடகைப் பாத்திரக் கடையில் வேலை பார்க்கும் என் நண்பனிடம் சொன்னேன். அடியில் ஓட்டை விழுந்து மூலையில் கிடந்த ஓர் அலுமினிய அண்டாவை உருட்டிக்கொண்டு வந்தான். கவிழ்த்து, அந்த ஓட்டை வழியாக ஒற்றை நைலான் கயிற்றைக் கோத்து, மறுமுனையை ஒரு கம்பின் தலையில் கட்டினோம். விளிம்பில் கம்பை ஊன்றி, சாய்த்துப் பிடித்தால் சுருதி இறங்கும். நிமிர்த்தி இழுத்தால் ஏறும். முதன்முறை அவன் கயிற்றைச் சுண்டியபோது, சத்தம் என் காதில் விழவில்லை, நெஞ்சுக்கூட்டில் விழுந்தது. அன்றிலிருந்து அவன்தான் எங்கள் பேஸ்காரன்.

ஒரு வருடம் வாசித்துப் பழகினோம். ஆள் முன்னால் வாசித்ததே இல்லை. மணப்பெண் அவளுடைய அப்பாவிடம் சண்டை போட்டு எங்களுக்குக் கால்மணி நேரம் வாங்கிக் கொடுத்திருந்தாள். ஆறரைக்கு ஏற வேண்டும். விட்டால் இன்னிசைக் கச்சேரிக்காரர்கள் ஏறிவிடுவார்கள். பிறகு மேடை நமக்கில்லை.

அப்படிப்பட்ட நாளில்தான் அண்டா காணாமல் போனது. வேனில் ஏற்ற பேஸ்காரன் கடைக்குப் போனால், மூலை காலி. முதலாளிக்குப் போன் போட்டிருக்கிறான்.

"ஏலே, தேவாரத்துக் கல்யாணத்துக்கு ஒரு பெரிய அண்டா கொறஞ்சுச்சு. அந்த ஓட்டைய பத்தவச்சு அடச்சு அனுப்பிட்டேன். ஒனக்கும் அங்கனதான சோலி, பாத்து எடுத்துட்டு வந்துரு" என்றாராம், பெருமையாக.

சமையல்கட்டில் மூன்றாவது அடுப்பில் அது உட்கார்ந்திருந்தது. விளிம்பில் சிவப்புப் பெயிண்டில் கடை எண். உள்ளே கழுத்து வரைக்கும் சேமியா பாயாசம்.

"மாஸ்டர், இந்த அண்டா எங்களுக்கு வேணும்" என்றேன்.

சமையல் மாஸ்டர் கரண்டியை நிறுத்தாமல் என்னைப் பார்த்தார். "பாயாசத்தோடயா?"

"வெறும் அண்டா போதும். வாசிக்கணும்."

"என்னத்த வாசிக்கப் போறீக?"

"அண்டாவத்தான்."

அவர் பேஸ்காரனைப் பார்த்தார். "தம்பி நல்லாத்தான இருக்காக?"

மாற்றி ஊற்ற வேறு பெரிய பாத்திரம் இல்லை. நாலு வாளி கொடுத்தார். அதில் பாதிதான் கொண்டது. மிச்சத்தை எங்கே ஊற்றுவது? மாண்டலின் அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டினார்.

"எங்க ஊத்துறதா? பந்திலதான். ஆறு மணிக்கு மொதப் பந்தி. தூக்குங்கப்பா."

பட்டுப்புடவை கட்டியிருந்த அக்கா, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு ஒரு வாளியைத் தூக்கினார். இலை போட்டு உப்பு வைத்ததும் நாங்கள் பாயாசத்தோடு இறங்கினோம். சோறு பின்னால் வந்தது.

"இன்னும் ஒரு கரண்டி, அத்தை."

"ஏம்மா, எனக்கு சுகர் இருக்கு."

நர்ஸ் அக்காவின் கரண்டி அந்தரத்தில் நின்றது. ஒரு நொடிதான். பக்கத்து இலைக்காரருக்கு இரண்டாக விழுந்தது.

"மாப்பிள்ளை வீட்டாளுக கை தாராளம்டா" என்றார் ஒரு பெரியவர். பேஸ்காரன் அவருக்கு நான்காவது முறை ஊற்றினான்.

ஆறு இருபதுக்கு நாலு வாளியும் காலி, அண்டாவின் அடியும் தெரிந்தது. பின்புறக் குழாயடிக்கு உருட்டிப் போய்க் கழுவிக் கவிழ்த்தோம். பத்தவைத்த இடம் வெள்ளிக்காசு மாதிரி மின்னியது. பேஸ்காரன் அதில் ஓர் ஆணியை வைத்து, ஒரு கல்லை எடுத்து ஓங்கி அடித்தான். சத்தம் கேட்டு வந்த மாஸ்டர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"நல்ல அண்டாவ ஓட்ட போடுறீகளே. படிச்ச பிள்ளைகதான நீங்க?"

"படிச்சதுனாலதான் மாஸ்டர் இந்தக் கூத்து" என்றார் மாண்டலின் அண்ணன், என்னைக் காட்டி.

ஆறு இருபத்தொன்பதுக்கு மேடையில் இருந்தோம். மாப்பிள்ளை மாலையைக் கழற்றி மணப்பெண் கையில் கொடுத்துவிட்டுக் கித்தாரை மாட்டினான். சவுண்ட் சர்வீஸ்காரர் ஐந்து மைக் கொண்டுவந்தார்; நாலைத் திருப்பி அனுப்பினேன். "பஞ்சாயத்துப் பேசவா போறீக?" என்று முனகிக்கொண்டே ஒன்றை வைத்துவிட்டுப் போனார்.

மாப்பிள்ளை ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினான். சூடு முழுசாக ஆறாத அண்டாவில் முதல் அடி விழுந்தது. தும். அண்ணனின் சக். தும், சக், தும், சக். மேடைப் பலகை அதிர்ந்தது, நெய் வாசம் எழுந்தது, என் விரல்கள் ஓடத் தொடங்கின. தேனி பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவனைப் பற்றி நாங்களே கட்டிய பாட்டு. மைக் ஒன்றுதான் என்பதால், முறை வருகிறவர் முன்னால் பாய வேண்டும், முடித்தவர் விலக வேண்டும். அக்கா வயலினோடு உள்ளே வந்தார், நான் குனிந்து வெளியே போனேன், வில் என் காதை உரசியது. மணப்பெண் மாலையைக் கையில் வைத்துக்கொண்டு தோளால் தாளம் போட்டாள். நாற்காலிகள் திரும்பின. குழந்தைகள் முன்னால் வந்து குதித்தன. ஒரு வருடமாகக் காதுக்குள் மட்டுமே கேட்டுக்கொண்டிருந்த ஐந்து சத்தமும் ஒரே சத்தமாக மண்டபத்தில் நின்றது.

எங்களிடம் இருந்ததே நாலு பாட்டு. நாலாவது முடிந்தபோது பெண்ணின் அப்பா மேடை ஏறி வந்தார். நேரம் முடிந்தது, இறங்கச் சொல்லப்போகிறார் என்று பேஞ்சோவைக் கழற்றப் போனேன்.

அவர் என் காதருகே குனிந்தார். "ரெண்டாம் பந்திக்குப் பாயாசம் காணலைங்கிறாக. மாஸ்டர் வேற அண்டாவக் காலி பண்ணி மறுபடி அடுப்புல ஏத்தியிருக்காரு. கச்சேரிக்காரங்க வயரு மாட்டி முடிக்க நேரமாகுமாம். அதுவரைக்கும் சனத்த இங்கனயே நிறுத்தி வைங்க, தம்பி."

நாங்கள் ஐந்து பேரும் ஒருவரையொருவர் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டோம். பேஸ்காரன் கம்பை நிமிர்த்தினான். முதல் பாட்டையே மறுபடி எடுத்தோம், இன்னும் வேகமாக.