கடுக்காய் பாய் உட்கார்ந்த இடம்

மார்கழிப் பனி இலை இலையாகச் சொட்டுகிற காலையில் அந்தக் கறுப்புக் காரின் கதவைத் திறந்து, பின்சீட்டின் இடது ஓரத்தில் கை வைத்தால், இப்போதுதான் ஒரு ஆள் எழுந்து போன மாதிரி வெதுவெதுப்பாக இருக்கும். வலது ஓரத்தில் வைத்தால் விரல் விறைத்துப்போகும். ஒரே சீட்டு, ஒரே உறை, ராத்திரி முழுக்க யாரும் ஏறாத வண்டி. கூடவே ஒரு வாசனை வரும், அம்மா அதைப் "பொசுங்கல் நாத்தம்" என்பாள். எனக்கு அப்போது ஒன்பது வயதோ பத்தோ, எங்கள் வீட்டில் யாரும் அதையெல்லாம் எழுதி வைக்கவில்லை.

கார் எங்களுடையது இல்லை. வாணியம்பாடியிலிருந்து ஜவ்வாது மலைக்குக் கடுக்காய் வாங்க வருகிற ஒரு சாயபுவுடையது. தோல் பதப்படுத்த அந்தக் காலத்தில் கடுக்காய் வேண்டும், மலைச்சனங்கள் பொறுக்கிக் காயவைத்து எங்கள் ஊரான ஜமுனாமரத்தூருக்குக் கொண்டுவருவார்கள், மூட்டையில் கொட்டும்போது கூழாங்கல் உருளுகிற சத்தம் கேட்கும், பிள்ளைகள் நாங்கள் ஆளுக்கொன்று வாயில் போட்டுக்கொண்டு யார் முதலில் துப்புகிறார்கள் என்று பார்ப்போம். அவரை எல்லாரும் கடுக்காய் பாய் என்றார்கள். என் அப்பா, நாங்கள் "நைனா" என்றுதான் கூப்பிடுவோம், அவருக்கு டிரைவர். பாய் பின்சீட்டில் இடது பக்கம்தான் உட்காருவார், கனத்த உடம்பு, மடியில் ஒரு துண்டு. ஒரு நாள் மத்தியானம் மலை ஏறி வருகிற வழியில் உட்கார்ந்தபடியே அவர் உயிர் போய்விட்டது. அது தெரியாமல் நைனா பத்துப் பதினைந்து வளைவு அவரோடு பேசிக்கொண்டே ஓட்டி வந்திருக்கிறார். பின்னால் யாரோ "உம்" கொட்டிக்கொண்டுதான் வந்தார்கள் என்று கடைசிவரை சாதித்தார்.

பாயின் மகனுக்கு அந்த வண்டியைப் பார்க்கவே மனசு வரவில்லை, மலைமேலேயே வைத்துக்கொண்டு சரக்கு வேலையைப் பாருங்கள் என்று நைனாவிடம் விட்டுவிட்டார். துக்கம் முடிந்த வாரமே பேட்டரி செத்துப்போக, ஒரு லாரியில் கழற்றிப்போட்ட பெரிய பேட்டரியைக் கொண்டுவந்து நைனாவே மாட்டினார். அந்த வாரத்தில்தான் ஆரம்பித்தது.

இடது பக்கம் யாராவது உட்கார்ந்தால் ஓடுகிற வண்டி இருமி இருமி நின்றுவிடும். மறுபடி கிளப்பப் போனால் "டக்" என்று ஒரே ஒரு சத்தம், பல்லியைப் போல, அவ்வளவுதான். அந்த ஆள் இறங்கினதும் கிளம்பிவிடும். நைனா ஒயர் முனைகளை உப்புக்காகிதம் போட்டுத் தேய்த்தார், பேட்டரி முனையில் பூத்திருந்த வெள்ளைப் பூவை வெந்நீர் ஊற்றிக் கழுவினார், பிளக்கைக் கழற்றித் துடைத்தார். போளூரில் பேட்டரி வேலை பார்க்கிறவர் அதைக் கழற்றி ஒரு நாள் முழுக்க சார்ஜ் ஏற்றி, திரும்ப மாட்டி, பத்துத் தடவை கிளப்பிக் காட்டினார். பேட்டரி குதிரை மாதிரி இருக்கிறது, உன் மனசுதான் சரியில்லை என்று நைனாவைக் கேலி பண்ணினார். அவர் பார்த்த நேரத்தில் பின்னால் யாரும் உட்காரவில்லை என்பது ஒருத்தருக்கும் உறைக்கவில்லை.

பாயின் மகன் வந்து ஓதிவிட்டுப் போனார். எங்கள் ஆட்கள் எலுமிச்சம்பழம் கட்டினார்கள். கடைசியில், அது அவருடைய இடம், விட்டுவிடுவோம் என்று முடிவாயிற்று. இடது பக்கம் காலியாகவே போகும், மூட்டைகூட வைப்பதில்லை. டீக்கடைக்காரர் மட்டும் நைனாவைப் பார்த்ததும், "இன்னா டிரைவரே, பாய் இறங்கி வர்றாரா, டீய வண்டிக்கே குடுத்தனுப்பட்டுமா?" என்பார். சொல்லுவாரே தவிர, அவரும் அந்தக் கதவுப் பக்கம் வரமாட்டார்.

அம்மாவுக்கு அப்போது நிறைமாதம். எனக்குப் பின்னால் பிறந்த ஒரு தம்பி மூன்றாம் நாளே போய்விட்டான், அவனைக் குளிப்பாட்டி வழியனுப்பினது அம்மாதான். இந்தத் தடவை விடியும்போதே வலி கண்டது. பிரசவம் பார்க்கிற கிழவி வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, பிள்ளை குறுக்கே கிடக்கிறது, தன்னால் ஆகாது, உடனே போளூர் ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போ என்று சொல்லிவிட்டாள். பஸ் வர நேரமிருந்தது. நைனா அம்மாவைப் பின்சீட்டில் வலது பக்கம் உட்காரவைத்து, என்னை நடுவில் ஏற்றினார்.

"அம்மா அந்தப் பக்கம் சாஞ்சிடாம பாத்துக்க. நீயும் நகராத."

பனியில் பத்தடிக்கு முன்னால் பாதை தெரியவில்லை. என் இடது தொடை ஓரத்தில் அந்தச் சூடு ஒட்டிக்கொண்டே வந்தது, நான் திரும்பிப் பார்க்கவில்லை. மலை இறங்குவதற்கு முன்னால் பாதை ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறும். அங்கே போகும்போது அம்மாவுக்கு வலி முறுக்கி, காலை நீட்டி என்னைத் தள்ளிவிட்டாள். நான் போய் இடது பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். வண்டி இருமியது. நின்றது.

இரண்டு பக்கமும் ஏற்றம், தள்ளிக் கிளப்ப வழியில்லை. நைனா என்னை இழுத்து முன்சீட்டில் போட்டார், ஆனால் அம்மாவால் நிமிர முடியவில்லை, அப்படியே இடது பக்கம் சாய்ந்து படுத்துவிட்டாள். "டக்." மறுபடி, "டக்." முன்னால் போய் ஹேண்டிலைப் போட்டு இன்ஜினைக் கையால் சுற்றினார், வேர்த்து ஒழுகியது, ஒரு பொறிகூடப் பிடிக்கவில்லை. பாய் என்மேல் கோபப்பட்டுத்தான் அம்மாவைப் பிடித்துக்கொண்டார் என்று நான் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நைனா பின்கதவைத் திறந்து கும்பிட்டார். "எந்திரிமே. அது அவரு எடம். வுடமாட்டாரு."

அம்மா கண்ணைத் திறக்காமலே, மூச்சுக்கு நடுவில் சொன்னாள். "செத்தவங்க சில்லுனு இருப்பாங்க. நான் தொட்டுப் பாத்தவ. இது சுடுது. இன்னான்னு தூக்கிப் பாருங்க."

 நைனா அம்மாவைத் தூக்கிப் பாதையோரத்தில் சாக்கின்மேல் படுக்கவைத்து, சீட்டை ஒரே இழுப்பில் பிடுங்கினார். புகை வந்தது. அந்த வண்டிக்குப் பேட்டரி அந்த இடத்துக்கு அடியில்தான் இருந்தது. லாரிப் பேட்டரி நாலு விரல் உயரம் அதிகம். ஆள் உட்கார்ந்தால் சீட்டின் ஸ்பிரிங் இறங்கிப் பேட்டரி முனையைத் தொட்டு, இருக்கிற கரண்ட்டையெல்லாம் வண்டி இரும்புக்கே இறக்கியிருக்கிறது. ஆள் இல்லாத ராத்திரியிலும், தொய்ந்துபோன ஒரு ஸ்பிரிங் பனியில் நனைந்த சீட்டு நார் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியவிட்டிருக்கிறது. யாரும் திருப்பிப் பார்த்திராத சீட்டின் அடிப்பக்கத்தில் தேங்காய் நார் வட்டமாகக் கருகியிருந்தது. அந்தப் பேட்டரியை வைத்த கை நைனாவுடையது.

சீட்டைப் பாதையிலேயே எறிந்துவிட்டு, பேட்டரிமேல் டியூப் ரப்பரைப் போட்டு மூடி, மொட்டை இரும்பில் சாக்கை விரித்து அம்மாவைக் கிடத்தினார். ஹேண்டிலை இரண்டு சுற்றுச் சுற்றினதும் வண்டி பிடித்துக்கொண்டது. இறக்கம் முழுக்க நான் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். என் தலை ஒவ்வொரு குழிக்கும் கண்ணாடியில் இடித்தது. அம்மாவின் தலை கதவு ஓரத்தில் அசையாமல் கிடந்தது, உயிர் இருக்கிறதா என்று பயந்தேன்.

வெயில் ஏறுவதற்குள் தங்கச்சி பிறந்தாள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் என்று நர்ஸ் சொல்லவந்து, என்னைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள். நைனா சீட்டை எடுத்துவந்து, பேட்டரிக்கு ஒரு மரமூடி செய்து போட்டார், அதற்கப்புறம் அந்தச் சீட்டில் யார் உட்கார்ந்தும் வண்டி நிற்கவில்லை.

வெகுகாலம் கழித்து, நைனாவும் போனபிறகு, சாமை புடைத்துக்கொண்டிருந்த அம்மாவிடம், அன்றைக்கு உனக்கு மட்டும் எப்படிப் பயமில்லை என்று கேட்டேன். முறத்தை நிறுத்தினாள்.

"ஒங்க நைனா நடுங்கினாரு, அதுக்கோசரம் சொன்னேன். எனக்கு அங்க ஆளு இருந்தது தெரியும்டா. மொட்டை இரும்பு, போளூரு வரைக்கும் என் தல ஒரு எடத்துலயும் இடிக்கல. யாரோ மடியில வெச்சிக்கினு வந்தாங்க."

சொல்லிவிட்டுப் புடைக்க ஆரம்பித்துவிட்டாள்.

இப்போது போன் பண்ணினால் ஆம்புலன்ஸ் மலைமேலேயே வருகிறது. கடுக்காய் கேட்டு வருகிற வியாபாரிகள் குறைந்துபோனார்கள், அந்தக் கார் எந்தப் பழைய இரும்புக் கடைக்குப் போனதோ, பள்ளத்தில் பாலம் போட்டு மேடாக்கிவிட்டார்கள். அம்மாவும் இல்லை. கலசப்பாக்கத்தில் இருக்கிற தங்கச்சிக்குப் பேட்டரிக் கதையை எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன், விழுந்து விழுந்து சிரிப்பாள். அம்மா சொன்னதை மட்டும் சொன்னதில்லை. போன மாதம் இரண்டு பேரும் அவள் மகன் காரில் மலை இறங்கினோம். பாலம் தாண்டினதும் அவள் தூங்கிப்போய், தலை கண்ணாடிப் பக்கம் சாய்ந்தது. நான் இரண்டுக்கும் நடுவில் என் உள்ளங்கையைக் கொடுத்து, கை மரத்துப்போன பிறகும் எடுக்காமல், போளூர் வரைக்கும் பிடித்துக்கொண்டே வந்தேன்.