நாலாம் நம்பர் மெஷினின் கதகதப்பு

பேச்சியம்மாளுக்கு நாற்பத்தாறு வயது. விளாத்திகுளத்துக்காரர். கணவர் பொன்னுசாமிக்கு ஓசூரில் வேலை கிடைத்தபோது கூடவே வந்து, மத்திகிரியில் வாடகை வீடு பிடித்து, பேரிகை சாலையில் கோழிக்குஞ்சு பொரிக்கும் ஒரு ஹேச்சரியில் சேர்ந்தார். ஒன்பது வருடமாக நாலாம் நம்பர் மெஷின் அவர் பொறுப்பு. அறை அளவுள்ள அந்தப் பெட்டிக்குள் பத்தொன்பதாயிரம் முட்டைகள் பதினெட்டு நாள் சூட்டில் இருக்கும். பிறகு குஞ்சு பொரிக்க வேறு மெஷினுக்கு மாற்ற வேண்டும்.

போன டிசம்பரில் மாதவன் என்பவர் மேனேஜராக வந்தார். மின்சாரச் சிக்கனம் அவருக்கு ஒரு விரதம் மாதிரி. மீட்டரைப் பார்த்தவர் திடுக்கிட்டார். நாலாம் நம்பரில் ஹீட்டர் மூன்று நாளாக ஓடவே இல்லை. உள்ளே சூடு மட்டும் குறையவில்லை. யாரோ பக்கத்துக் கம்பெனியிலிருந்து திருட்டு லைன் இழுத்திருப்பதாக முடிவு கட்டினார். எலக்ட்ரீஷியன் திம்மப்பன் சுவரோரம் இரண்டு இடத்தில் தோண்டிப் பார்த்தார்.

"ஒயரே இல்லீங்க சார். பெருச்சாளி வளைதான் இருக்குது."

பேச்சியம்மாளை விசாரணைக்குக் கூப்பிட்டார்கள்.

"சூடு எங்கிருந்தும்மா வருது?" என்றார் மாதவன்.

"முட்டையில இருந்துதான் சார்."

"விளையாடாதீங்க."

"நெசமாத்தான் சொல்லுதேன். மொத பத்து பன்னெண்டு நாள் நாம சூடு குடுக்கணும். அப்புறம் கரு பெருசாயிரும்லா, மஞ்சக்கருக் கொழுப்ப எரிச்சு அதுவே சூடு விடும். இப்ப நாமதான் காத்து விட்டு ஆத்துதோம்."

"ஒரு முட்டை இவ்வளவு சூடு விடுமா?"

"ஒண்ணு விடாது. பத்தொன்பதாயிரம் இருக்குல்லா."

மாதவன் ஒரு முட்டையை வாங்கிக் கன்னத்தில் வைத்துக்கொண்டார். வெளியே ஓசூர்ப் பனி. கொஞ்ச நேரம் அதைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

மறுநாளே நாலாம் நம்பரிலிருந்து வெளியேறும் சூட்டுக் காற்றைத் தகரக் குழாய் வழியாகத் தன் அறைக்குத் திருப்பினார். பைசா மின்சாரமில்லாமல் கதகதப்பு! தலைமை அலுவலகத்துக்குத் தகவல் போனது. மூன்று அதிகாரிகள் சனிக்கிழமை பார்க்க வருவதாகச் சொன்னார்கள்.

ஆனால் புதன்கிழமையோடு பதினெட்டு நாள் முடிந்தது. முட்டைகளை மாற்றப் போன பேச்சியம்மாளை மாதவன் தடுத்தார்.

"சனிக்கிழமை வரைக்கும் இங்கேயே இருக்கட்டும்."

"ஓட்ட ஒடைக்கணும்னு ஒடம்புல சக்தி சேத்து வச்சிட்டு தயாரா இருக்கும் சார். நாள் தள்ளுன்னா கேக்காது."

மாதவன் யோசித்தார். பிறகு ஓர் உத்தரவு அச்சடித்து மெஷின் கதவில் ஒட்டினார்: 'நிர்வாகக் காரணங்களால், நாலாம் நம்பர் முட்டைகள் சனிக்கிழமை பிற்பகல் வரை பொரிக்கக் கூடாது.'

"இது யாருக்கு சார்?"

"எல்லாருக்கும்தான்."

வெள்ளிக்கிழமை முதல் ஓடு விரிசல் விட்டது. கரு ஓட்டில் ஒட்டிக்கொள்ளாமலிருக்க அந்த மெஷின் தட்டுகளை மணிக்கு ஒருமுறை சாய்த்துக்கொண்டே இருக்கும். சாய்ந்தால் குஞ்சு நசுங்கிவிடும். பேச்சியம்மாள் யாரையும் கேட்கவில்லை. அந்த ஸ்விட்சை அணைத்தார். விழும் குஞ்சுகளைத் தாங்க, தட்டுகளுக்குக் கீழே திம்மப்பனோடு சேர்ந்து சாக்குகளை விரித்தார்.

சனிக்கிழமை அதிகாரிகள் மாதவன் அறைக்கு வந்து, ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார்கள். மாதவன் பேசத் தொடங்கியபோது குழாய்க்குள் கீச்சென்று ஒரு குரல். பிறகு ஆயிரம் குரல். அதன்பின் குஞ்சுகளின் மஞ்சள் பஞ்சுத் தூவி பொலபொலவென்று கொட்டி, மேசையையும் கோப்புகளையும் அதிகாரிகளின் தலையையும் மூடியது.

"என்ன சத்தம் இது?" என்றார் ஒருவர், தும்மிக்கொண்டே.

"உற்பத்தியாளர்கள் சார்," என்றார் மாதவன்.

மெஷினுக்குள் பேச்சியம்மாளும் திம்மப்பனும் சாயங்காலம் வரை குஞ்சு பொறுக்கினார்கள். சாக்கையும் தாண்டி விழுந்து பதினொன்று செத்துப்போயின.

திங்கட்கிழமை அவர் கையில் மெமோ வந்தது: உத்தரவை முட்டைகள் மீறியது ஏன்? பேச்சியம்மாள் கையாலேயே பதில் எழுதினார். 'அதுகளுக்கு வாசிக்கத் தெரியாது. வாசிக்கத் தெரிந்த நான் அதன்படி நடந்திருந்தால் இன்னும் நிறைய செத்திருக்கும். செத்தது பதினொன்று.'

பதிலைப் படித்த மாதவன் தானே மெஷினுக்கு வந்து உத்தரவைக் கிழித்தார்.

"அந்தப் பதினொன்னு எங்கம்மா?"

"திம்மப்பன் தோண்டுன குழி சும்மாதான கெடந்துச்சு. அதுல பொதச்சிட்டோம் சார்."

மாதவன் சுவரோரம் போய்ச் செருப்பைக் கழற்றிவிட்டுச் சற்று நேரம் நின்றார். தகரக் குழாயை அன்றே பிரித்துவிட்டார்கள். டிசம்பர் முடியும்வரை அவர் கம்பளியைப் போர்த்திக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.