ஹெலிபேடில் காய்ந்த மிளகாய்

பெரியபட்டினம் சாலையிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் எங்கள் ஊருக்குப் பெரிய மனிதர் ஒருவர் ஹெலிகாப்டரில் வந்து போனார். என்ன பேசினார் என்பது யாருக்கும் நினைவில்லை. அவர் இறங்குவதற்காகக் கண்மாய்க்கு அருகில் போட்ட சிமெண்ட் தளத்தைத்தான் ஊரே வாழ்த்தியது. எங்கள் குண்டு மிளகாய்க்கு அப்படியொரு களம் அதுவரை வாய்த்ததில்லை. மண் ஒட்டாது, சீக்கிரம் காயும். நடுவிலிருந்த பெரிய வெள்ளை எழுத்தின் மேல் யார் காயப்போடுவது என்று சண்டைகூட வந்தது.

அந்த வருஷம் நடு இடம் எங்களுக்குக் கிடைத்தது. மழை ஏமாற்றி, கண்மாயில் கிடந்த தண்ணீரை இறைத்துக் காப்பாற்றிய மிளகாய் அது. அதுவும் போனால் அடுத்த மழைவரை எங்களுக்கு வேறு வழியில்லை.

ஒருநாள் மதியம் அய்யாவும் அம்மாவும் மிளகாயைக் கிளறிக்கொண்டிருந்தபோது வானத்தில் சத்தம் கேட்டது. மறுபடியும் யாரோ வரப்போகிறார்கள், ஒத்திகைக்கு ஹெலிகாப்டர் வரும் என்று தலையாரி சொல்லியிருந்தார். நாளைக்கு என்றுதான் சொல்லியிருந்தார்.

அய்யா பதறவில்லை. கடல் காற்றோடு மல்லுக்கட்டிப் பழகிய ஆள். தார்ப்பாயை இழுத்து மிளகாயைப் போர்த்தி, கிழக்கு ஓரத்தில் மட்டும் கல்லை அடுக்கினார். எங்கள் ஊருக்குத் தெரிந்த காற்றெல்லாம் ஒரு பக்கமிருந்து வருவதுதான்.

“காத்துதான? கல்லுக்கு மிஞ்சியா போயிரும்?” என்றார்.

இந்தக் காற்று மேலிருந்து வந்தது. தரையில் மோதி நாலாபக்கமும் பிய்த்துக்கொண்டு ஓடியது. கல் வைக்காத பக்கம் தார்ப்பாய் உப்பி எழுந்தது. மிளகாய் கிளம்பிப் போய்க் கருவேலங்காட்டுக்குள் விழுந்தது. அய்யா தார்ப்பாயின் மேல் குப்புற விழுந்து அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அவரையும் சேர்த்து அது தூக்கித் தூக்கிப் போட்டது.

“ஏங்க, விட்டுட்டு இங்கன வாங்க! மொளகா போனாப் போகுது!” என்று அம்மா அலறினாள்.

மிளகாய் போனால் போகட்டும் என்று அம்மா சொல்லி நான் கேட்டதே இல்லை. பயத்தில் புத்தி பிசகிவிட்டது என்று நினைத்தேன்.

ஹெலிகாப்டர் பனைமர உயரத்தில் கொஞ்சம் தயங்கி நின்றது. பிறகு மூக்கைத் திருப்பிக்கொண்டு ஏறிப் போய்விட்டது. இறங்கவே இல்லை.

வெறும் வாயை மெல்லும் ஊருக்கு அவல் கிடைத்தது. “ஏலே, ஹெலிகாப்டரையே வெரட்டுன ஆளுலே எங்க மச்சான்” என்று மாமா டீக்கடையில் அளந்தார். வீட்டில் பெருமைப்பட ஒன்றுமில்லை. பாதி மிளகாய் போயிருந்தது. கஞ்சிக்குத் தொட்டுக்கொள்ள அந்த விமானியைத் திட்டுவதுதான் எங்களுக்கு மிச்சம். வந்த வேலையையும் பார்க்காமல் எங்கள் வயிற்றில் மட்டும் அடித்துவிட்டுப் போனானே என்று எல்லாரையும்விட அதிகம் திட்டியது நான்தான்.

இன்று நான், நின்ற இடத்திலிருந்தே எழும்பி ஜெட் வேகத்தில் பறக்கவேண்டிய விமானத்துக்கு எஞ்சின் வடிவமைக்கும் இடத்தில் வேலை பார்க்கிறேன். பெரிய விசிறியால் காற்றை மெதுவாகத் தள்ளினால் தரை பிழைக்கும், வேகம் கிடைக்காது. சின்ன வாயால் சீறித் தள்ளினால் வேகம் வரும், கீழே நிற்பவர் பாடு திண்டாட்டம். எங்கள் வாக்குவாதமெல்லாம் இதற்கு நடுவில்தான். சோதனைத் தளத்தில் ஒரு துணித்துண்டு கிடந்தாலும் எஞ்சினை முடுக்கமாட்டோம்.

அந்தத் தார்ப்பாய் இன்னும் கொஞ்சம் மேலே எழும்பி விசிறியில் சிக்கியிருந்தால் ஹெலிகாப்டர் நேரே கீழே விழுந்திருக்கும். கீழே அய்யா கிடந்தார். மேலே இருந்த முகம் தெரியாத அந்த மனிதர் அதைப் பார்த்துவிட்டார். அவர் இறங்காமல் போனதால்தான் எனக்கு அய்யா மிஞ்சினார். அந்த விமானியைத்தான் வருஷம் முழுக்க வாய் வலிக்கத் திட்டினோம்.