திட்டினால்தான் இங்கிலீஷ் வரும்

ஓட்டலின் சலவைப் பிரிவில் எல்லோருக்கும் அவர் லாண்டரி அக்கா. நீராவியில் நின்று நின்று முழங்கால் மக்கர் பண்ணவே, வரவேற்பு மேசையில் காலியான நாற்காலிக்கு மனுப் போட்டார். துணி வெளுக்கத் தெரிந்தால் போதாதாம். கோபக்கார விருந்தினருக்கு ஆங்கிலத்தில் பதில் எழுதிக் காட்ட வேண்டுமாம். சனிக்கிழமை தேர்வு. கோட்டைவிட்டால் மறுபடியும் நீராவிதான்.

மகள் கைப்பேசியில் ஏஐ செயலி ஒன்றைப் போட்டுக் கொடுத்தாள். காணாமல் போன சட்டைக்கு ஒரு பதில் எழுதிக் காட்டினார் அக்கா. செயலி உருகிப் போனது: "அருமையான முயற்சி! உங்கள் பணிவு மனதைத் தொடுகிறது."

அக்கா கடிதத்தை அடியோடு அழித்தார். இன்னொன்று எழுதினார். "அற்புதமான முன்னேற்றம்!" அதையும் அழித்தார். அவர் அனுபவத்தில், ஒருவர் சும்மா புகழ்ந்தால் அடுத்து இரட்டை ஷிஃப்ட் பார்க்கச் சொல்வார்.

"அதான் பிரமாதம்ங்குதேம்மா, ஏன் அழிக்கிற?"

"இப்படி ஐஸ் வைக்குதுன்னா, பெருசா ஏதோ சொதப்பியிருக்கேன்டி."

"அப்ப திட்டச் சொல்லு."

"எப்படி?"

"பாட்டி உன்னைத் திட்டுற மாதிரின்னு சொல்லேன்!"

உள்ளறையிலிருந்து மாமியார் குரல் வந்தது: "அந்த மெஷின்கிட்டயும் என்னைப் பத்தி வத்தி வச்சாச்சா?"

அக்கா அப்படியே கேட்டதும், செயலி நொடியில் குணம் மாறியது. "நாலு வரி மன்னிப்பு. சட்டை எங்கேன்னு ஒரு வரி உண்டா? அவர் கேட்டது சட்டையை. உங்கள் கண்ணீரை இல்லை."

அக்காவின் முகம் மலர்ந்தது. ஒருவழியாகப் பாடம் ஆரம்பித்துவிட்டது! மாமியாருக்குத்தான் பொறுக்கவில்லை. "நான் வாய் வலிக்கச் சொன்னப்ப காதுல விழல. அது சொன்னா மட்டும் இனிக்குதோ?"

சனிக்கிழமை வந்த கேள்வி, வெந்நீர் வராத அறை. தேர்வெழுதிய மற்ற மூவரும் பக்கம் பக்கமாக வருந்தியிருந்தார்கள். மூன்று கடிதத்திலும் ஒரே மாதிரி நெஞ்சு வலித்திருந்தது. அக்கா எழுதியது இவ்வளவே: வேறு அறை தயாராகிறது, பெட்டிகளை நாங்களே தூக்கி வருகிறோம், அதுவரை குளிக்கப் பக்கத்து அறைச் சாவி இதோ.

மேலாளர் மூக்கைச் சொறிந்தார். "விஷயம் இருக்கு. பணிவுதான் கொஞ்சம்..."

"ஒரு வரி சேத்துடறேன் சார். அதுக்கு மேல வேணும்னா அந்த மூணு பேர்ல ஒருத்தரைப் பாருங்க. ஆனா வெந்நீரும் அவங்களையே கொண்டுவரச் சொல்லுங்க."

மேலாளர் மூன்று கடிதங்களையும் இன்னொரு முறை புரட்டினார். பிறகு வரவேற்பு மேசை நாற்காலியை அக்கா பக்கம் தள்ளினார்.