போனுக்குள் மரியசெல்வம்

மரியசெல்வத்தின் ஆட்டோவில் ஏறாத தேசம் இல்லை. சாந்தோம் கோயில் வாசலில் வண்டியைப் போட்டால் ஜெர்மன்காரன் வருவான், கொரியாக்காரி வருவாள். தெரிந்த அரைகுறை இங்கிலீஷில் மயிலாப்பூரையும் கடற்கரையையும் கதை கதையாய் அளந்துவிடுவான். செல்போன் வந்தபின் தேசத்துக்கொரு குணம் என்பதையும் கண்டுகொண்டான். ஜெர்மன்காரன் போனில் மேப்பைப் போட்டுக்கொண்டு இந்தத் தெரு எதற்கு என்று குடைவான். கொரியாக்காரி போனைப் பேசவிட்டுத் தான் தலையை மட்டும் ஆட்டுவாள். பிரெஞ்சுக்காரர்களோ போனைப் பைக்குள் போட்டுவிட்டு அவன் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவர்கள் மேல் அவனுக்குத் தனிப் பிரியம்.

ஒரே ஒரு கதையை மட்டும் அவன் யாருக்கும் சொன்னதில்லை. சுனாமியன்று கரையில் விளையாடப்போன மகன் மிக்கேல் திரும்பி வரவில்லை. பரிதாபப்பட வந்தவர்களிடம் பட்டது போதும், இனி அந்தப் பேர் வெளியாள் காதில் விழக்கூடாது என்று மனைவி எஸ்தர் கோயிலில் வைத்துச் சத்தியம் வாங்கியிருந்தாள்.

எஸ்தரின் தம்பி பாரத்தைப் படிக்கவைத்தவன் மரியசெல்வம்தான். இப்போது வேளச்சேரியில், சுற்றுலா ஆப் செய்கிற ஒரு கம்பெனியில் அவனுக்கு வேலை. போன வருஷம் மாமாவோடு வண்டியில் சுற்றி, அவன் சொல்வதையெல்லாம் போனில் பதிவு செய்தான். உன் கதை உன்னோடு போய்விடக் கூடாது மாமா என்றான். மச்சானாயிற்றே! கரையோரம் வந்தபோது மரியசெல்வத்துக்கு மகன் நினைவு வந்தது. வண்டியை ஓரங்கட்டி, மிக்கேல் கதையையும் சொல்லிவிட்டான். சொல்லி முடித்ததும் அதை மட்டும் அழித்துவிடச் சொன்னான். பாரத் தலையாட்டினான். பாவி, நன்றாகத்தான் ஆட்டினான்.

இந்த சீசனில் சவாரி படுத்துவிட்டது. வெளிநாட்டுக்காரர்கள் காதில் எதையோ செருகிக்கொண்டு, அவன் நிறுத்துகிற இடங்களிலேயே நின்றார்கள், அவன் சிரிப்புக் காட்டுகிற இடத்திலேயே சிரித்தார்கள். முன்பு அவன் வண்டியில் வந்த கொரியாக்காரி ஒருத்தி, கண் கலங்கி, தன் காதிலிருந்ததைக் கழற்றி அவனிடம் நீட்டினாள். உள்ளே அவன் குரல். அவன் இருமல்கூட இருந்தது. பேசியதோ அவனுக்கு ஒரு எழுத்தும் தெரியாத கொரியன். நடுவில் மிக்கேல் என்று வந்தது.

உடனே பாரத்துக்குப் போன் போட்டான்.

"உன் குரல்லயே கம்ப்யூட்டர் எல்லா பாஷையும் பேசுது மாமா. மிக்கேல் வர்ற இடந்தான் ஹிட்டு. எந்த நாட்டுக்காரனும் அங்கதான் அழுறான்," என்றான் பாரத்.

உண்ட வீட்டுக்கு ரெண்டகம், அதில் பெருமை வேறு! பெற்ற பிள்ளையைச் சந்தையில் வைத்துவிட்டானே! தமிழிலும் இருக்கிறதா என்று கேட்டான் மரியசெல்வம். மலேசியா, சிங்கப்பூர் சனங்களுக்காகப் போட்டிருக்கிறது என்றான் மச்சான்.

எஸ்தர் மீன் விற்பது அதே கரையில்தான். தானே முதலில் சொல்லிவிட வேண்டும் என்று வண்டியை விரட்டிக்கொண்டு போனான். அவள் கடை முன்னால் மலேசியக் குடும்பம் ஒன்று நின்றது. எல்லாரும் சேர்ந்து கேட்கப் போனைச் சத்தமாகவே வைத்திருந்தார்கள்.

"மிக்கேலுன்னு பேரு. ஏழு வயசு. செவப்பு டவுசர் போட்டுக்கினு போனான்," என்றான் போனுக்குள்ளிருந்த மரியசெல்வம்.

எஸ்தரின் கத்தி வஞ்சிரத்தின் மேல் நின்றுவிட்டது. வந்தவர்கள் போகும்வரை அவள் தலை நிமிரவில்லை. மரியசெல்வம் பக்கத்தில் போய், அவள் தம்பி பேரைச் சொல்ல வாயெடுத்தான். கதையைச் சொன்ன வாய் தன்னுடையதுதானே.

"புள்ள பேருக்கு எவ்ளோ குட்த்தாங்க?" என்று கேட்டாள் எஸ்தர்.